இடது பக்க இருக்கை

எவ்வளவு சுலபமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டோம் என்பதுதான் மங்கையர்க்கரசிக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மான் மேல் மோதியதுகூட அப்படி வரவில்லை. அது ஒரு சத்தமாக மட்டுமே நினைவில் இருந்தது, லாரியிலிருந்து மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு முன்னால் கண்ணாடிக்கு வெளியே ஒரு பழுப்பு நிறம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அடைக்கலராஜ் திடுக்கிட்டு விழித்தார். முன்னால் பார்த்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். தூரத்தில் ஒரு பைக்கின் விளக்கு வருவது இரண்டு பேருக்குமே தெரிந்தது. "மேடம், நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க, நான் அங்க வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இடது கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கியரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, ஹேண்ட் பிரேக்கில் முந்தானை மாட்டியபோது பதற்றப்படாமல் அதை விடுவித்து, இடது பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். இறங்கிச் சுற்றி வந்திருக்கலாமே. ஐம்பத்திரண்டு வயதில் யாராவது கியரைத் தாண்டுவார்களா? கீழே இறங்கினால் பைக்கில் வருகிறவன் பார்த்துவிடுவான் என்று அடைக்கலராஜ் சொல்லவில்லை. அது அவளே யோசித்தது. யோசித்ததாகக்கூட நினைவில்லை, உடம்பு தானாகச் செய்திருக்கிறது, அப்படியென்றால் உடம்புக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா, இத்தனை வருஷம் தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்ததா. அவர் வலது பக்கம் ஏறி, இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, அவளுடைய உயரத்துக்காக முன்னால் இழுத்துவைத்திருந்த இருக்கையைக் கிர்ரென்று பின்னால் தள்ளினார். அந்தச் சத்தம் கேட்டபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் இப்போது நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவரைத் தூங்கச் சொன்னதே அவள்தான். மகள் இளவேனில் மேல்படிப்புக்காக வெளிநாடு போகிறாள், பெங்களூர் விமான நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு அரியலூருக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக்காரர் கலியபெருமாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிக் கட்டோடு படுத்திருந்தார். அவர்தான் கார் ஸ்டாண்டில் சொல்லி, சொந்த வண்டிக்கு ஆக்டிங் டிரைவராக அடைக்கலராஜை ஏற்பாடு செய்தார். ராத்திரி முழுக்க ஓட்டினார் அடைக்கலராஜ். ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது குழாயடியில் முகத்தைக் கழுவினார், டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவினார். கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி இருந்தது. "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன் அடைக்கலம். நீங்க கண்ணசருங்க" என்றாள். "வேணாம் மேடம், நல்லாருக்காது" என்றார். எது நல்லாயிருக்காது என்று அவள் சிரித்தாள். தினமும் பள்ளிக்கூடத்துக்கு இதே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவள்தானே. பிடிவாதமாகச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவர் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனார், அப்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது தொடக் கூசியது. கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது, இரண்டு பக்கமும் காப்புக்காடு, காய்ந்த வேலமரங்கள், இடையிடையே மோட்டார் தண்ணீர் பாய்கிற சோளக்காடு, மான் படம் போட்டு மெதுவாகச் செல்லவும் என்று எழுதிய பலகை ஒன்றுகூட வந்தது, அழகாக வரைந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள், வேகத்தைக் குறைக்கவில்லை. ஏனென்றால் அவள் சாலையில் இல்லை. ஆசிரியர் அறையில் இருந்தாள். டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அவருக்கும் உடம்புதானே, தூங்கட்டும்னு நானே ஓட்டிட்டு வந்துட்டேன் என்று சொல்லி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவள் மாதிரி ஒரு மடக்கு டீ குடித்து, அவர்கள் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்க ஒருத்தர்தான் மேடம் இப்படியெல்லாம் நினைப்பீங்க என்று கணக்கு டீச்சர் சொல்ல வாயெடுத்தாள். அந்த இடத்தில்தான் அந்தச் சத்தம். இதை யாரிடம் சொல்ல முடியும்? தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், மான் திடீரென்று பாய்ந்தது என்று சொல்லலாம், போலீஸிலும் கோர்ட்டிலும் எந்தக் காரணத்தையும் சொல்லலாம். என் நல்ல மனசை நானே ரசித்துக்கொண்டிருந்தேன், அதனால் பார்க்கவில்லை என்று யாராவது எங்கேயாவது சொல்லியிருக்கிறார்களா.

பக்கவாட்டுக் கண்ணாடியில் மான் சின்னதாகத் தெரிந்தது. தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் கிடந்தது. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது, பின்பாதி வரவில்லை. பின்பாதி வேறு யாருடையதோ மாதிரி அங்கேயே கிடந்தது. மறுபடியும் எழுந்தது, மறுபடியும் விழுந்தது. அவள் பார்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு தானாகவே கண்ணாடிக்குப் போனது. பைக்காரர் வந்து நிறுத்திவிட்டார், தலையில் துண்டு கட்டிய பெரிய உடம்புக்காரர், சோளக்காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறார் போல, முழங்கால் வரைக்கும் சேறு. "போட்டுட்டீங்களேய்யா" என்று பெருங்குரலில் சொன்னார். "குறுக்க வந்துருச்சுண்ணே. பிரேக்கு புடிச்சேன், நிக்கல" என்றார் அடைக்கலராஜ். பிரேக். அவள் பிரேக் பிடித்தாளா? பிடித்தாள், சத்தத்துக்குப் பிறகு பிடித்தாள். அதற்கு முன்னால் அவள் கால் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது. பிடிக்காத பிரேக்கை அவர் பிடித்ததாகச் சொல்லிவிட்டார், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், அதில் ஒரு பிசிறுகூட இல்லை. பெரியண்ணன் என்று அந்தப் பைக்காரர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டது கேட்டது, போனில் வனத்துறைக்காரர்களைக் கூப்பிட்டு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "வெயில் ஆரம்பிச்சா இதே கூத்துதான். உள்ள குட்டையெல்லாம் வத்திப்போச்சு. மோட்டார் சத்தம் கேட்டா தண்ணிக்கு இந்தப் பக்கம் வந்துரும். விடியறதுக்குள்ள காட்டுக்குத் திரும்பணும்னு ஒரே ஓட்டமா ஓடும். உங்களச் சொல்லியும் குத்தமில்ல" என்றார். பிறகு அவள் பக்கக் கண்ணாடிக்கு வந்து குனிந்தார். "அம்மாவுக்கு அடி ஏதும் படலையே? பயந்துட்டாங்க பாவம். தண்ணி ஏதாச்சும் குடிக்கிறீங்களாம்மா?" அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் முகத்தில் அவ்வளவு பரிவு இருந்தது. அந்தப் பரிவு வர வேண்டிய இடம் இதில்லை, அங்கே மண்ணில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டிருக்கிறதே அதற்கு, இல்லையென்றால் வெளியே வெறுங்காலோடு நின்று வியர்வையைத் துடைக்கிறாரே அவருக்கு. ஆனாலும் அவள் அதை வாங்கிக்கொண்டாள். கழுத்தைச் சற்றுத் தளர்த்தி, பயந்துபோனவள் மாதிரி பின்னால் சாய்ந்துகூடக் கொண்டாள்.

இந்த முகம் அவளுக்குத் தெரியும். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாடி உடைந்தால் வகுப்பையே வரிசையாக நிற்கவைத்து, உடைத்தது யார், உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று கேட்பாள். எல்லாப் பிள்ளைகளும் பயந்த முகத்தோடு நிற்கும். உடைத்தது மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கும். இமையை மெதுவாக மூடித் திறக்கும். தலைமை ஆசிரியை ஆவதற்கு முன்பிருந்தே அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள், அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. இப்போது அதே முகம் தன் தோலின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கன்னத்தில் பூசிய மாவு காய்கிற மாதிரி. இமையை மூடித் திறந்தாள். மெதுவாகத்தான் வந்தது. தலைமை ஆசிரியை கார் மோதி மான் பலி. ஒரு வரிதான், நாளைக்கே பேப்பரில் வரும், அதற்கு முன்னால் வாட்ஸப்பில் வரும், பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் இருக்கிற குரூப்பில் வரும், மானின் படமும் அவள் படமும் பக்கத்தில் பக்கத்தில். வனவிலங்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு, ஜாமீன் உண்டா, அரசு ஊழியர் மேல் வழக்கு என்றால் சஸ்பெண்ட் செய்துதான் விசாரிப்பார்களா, காலை வணக்கக் கூட்டத்தில் மைக் முன்னால் எப்படி நிற்பது. இதெல்லாம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது. மான் பிழைக்குமா என்ற கேள்வி இதற்கெல்லாம் பின்னால் வந்தது. பின்னால்தான் வந்தது என்பதைக் கவனித்தாள். கவனித்து வருத்தப்பட்டதால் தான் அவ்வளவு மோசமில்லை என்று ஒரு எண்ணம் உடனே வந்தது, அந்த எண்ணம் வந்ததையும் பார்த்தாள், இதற்கு முடிவே கிடையாது போல, ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நின்று தன்னையே பாராட்டிக்கொண்டிருக்கிறவர்களின் வரிசை.

அடைக்கலராஜ் கண்ணாடிப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், வந்து கேட்டாங்கன்னா நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்." அவள் வாயைத் திறந்தாள். "இல்ல அடைக்கலம், நான்தானே..." "கெஞ்சிக் கேக்கறேன் மேடம். மான் குறுக்க விழுந்துச்சுன்னா அது எந்த டிரைவருக்கும் வர்றதுதான். பொம்பளைய ஓட்டச் சொல்லிட்டு இவன் பக்கத்துல குறட்டை விட்டுட்டு வந்தான்னு தெரிஞ்சா ஸ்டாண்டுல நான் தலை காட்ட முடியாது. அப்புறம் எவனும் ராத்திரி ஓட்டத்துக்கு என்னயக் கூப்பிட மாட்டான்." அவர் கண்கள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன, தூக்கத்தின் கோடு கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது. பாவம் என்று தோன்றியது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன். பேசினால் அவர் மானம் போகும், அவருக்குச் சவாரி போகும். என் மனசாட்சி சுத்தமாக வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுப்பது நியாயமா? எவ்வளவு நன்றாக இருக்கிறது இந்த வாக்கியம், மைக்கிலேயே சொல்லலாம். ஆனால் அவர் இதைச் சொன்னது இப்போதுதான். அவள் கியரைத் தாண்டியது அதற்கு முன்னால். அங்கே வந்து எல்லாமே தட்டிக்கொண்டு நின்றது, செருப்பில் மாட்டிய முள் மாதிரி, எப்படி நடந்தாலும் அதே இடத்தில் குத்தியது.

லோடு ஆட்டோவில் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் வந்தார்கள். இறங்கி மானைச் சுற்றி நின்றார்கள். தெரு நாய் இரண்டு எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டன, பெரியண்ணன் கல்லெடுத்து விரட்டிக்கொண்டிருந்தார், விரட்ட விரட்ட நாய்கள் சாலையைக் கடந்து போய் உட்கார்ந்து மறுபடியும் வந்தன. அப்போதுதான் அவள் இறங்கினாள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, எடுத்ததாக நினைவில்லை. பக்கத்தில் போனால் மான் பெரிதாக இருந்தது, கண்ணாடியில் பார்த்ததைவிட மிகப் பெரிதாக. கொம்பு இல்லை, பெட்டை. வெள்ளைப் புள்ளிகள் முதுகில் ஒழுங்காக வரிசை பிடித்து வந்து, இடுப்புக்குக் கீழே அந்த வரிசை உடைந்து கோணிப்போயிருந்தது. ஈரப் புல்லும் சாணமும் கலந்த ஒரு வாசனை, அதற்குள் இரும்பு மாதிரி ரத்த வாசனை. ஈ உட்கார்ந்த இடத்தில் தோல் மட்டும் சுண்டியது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணில் அவளை நோக்கி ஏதாவது இருந்திருந்தால், ஒரு கோபம், ஒரு மன்றாடல், தேவலையாக இருந்திருக்கும். அது தன் மூச்சை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தது. பருத்திக்குப் போகிற பெண்களில் வயதானவள் ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து மானின் கண் மேல் போட்டாள். "இருட்டா இருந்தா பயப்படாது" என்று யாரிடமோ சொன்னாள். வாயோரத்தில் தண்ணீர் விட்டாள், வழிந்து மண்ணில் போனது. மங்கையர்க்கரசி குனிந்து தன் பாட்டிலைத் திறந்தாள். "நீங்க வேணாம் தாயீ, சீலையில ரத்தம் பட்டுரும்" என்றாள் அந்தப் பெண். பட்டால் என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். சேலை நல்ல சேலை, மகளை வழியனுப்பக் கட்டிய பட்டு. பின்வாங்கினாள். பாட்டிலை மட்டும் அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். மறுபடியும் எவ்வளவு சுலபம், யாராவது நகரச் சொன்னால் போதும். சற்று நேரத்தில் துண்டுக்கடியில் அசைவு நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டின் ஓரத்தை விலக்கிப் பார்த்த அந்தப் பெண், "போயிருச்சு" என்றாள்.

வனத்துறை ஜீப் வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. நரைமீசை வைத்த வனவர் ஒருவர் முன்னால் இறங்கினார், பின்னால் சீருடையில் இரண்டு பேர். மானைத் தொட்டுப் பார்த்தார். வண்டியின் உடைந்த விளக்கையும் உள்ளே போயிருந்த பம்பரையும் பார்த்தார். "யாரு ஓட்டுனது?" என்று அவர் கேட்டபோது அடைக்கலராஜை மட்டும்தான் பார்த்தார். அவள் அங்கேதான் நின்றாள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அவர் பார்வை அவள் மேல் பட்டு ஒரு வணக்கத்தோடு விலகிப்போனது. அவளிடம் கேட்கவே போவதில்லை என்று அப்போது புரிந்தது. பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. பேசாமல் நின்றால் போதும், சாலையோரத்து மரம் மாதிரி. "நான்தான் சார்" என்றார் அடைக்கலராஜ். "லைசென்ஸ எடு. போர்டு வெச்சிருக்குல்ல, கண்ணு தெரியாதா? என்ன வேகத்துல வந்த?" "மெதுவாத்தான் சார்..." "மெதுவா வந்தா இடுப்பு இப்படியா ஒடியும்? குடிச்சிருக்கியா? ஊது." அடைக்கலராஜ் தலையை முன்னால் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே ஊதினார். நாற்பது வயது மனிதர், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், உதட்டைக் குவித்து ஊதினார். "இன்னும் நல்லா ஊது" என்றார் வனவர். அடைக்கலராஜ் இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பருத்திக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான்தான் ஓட்டினேன்" என்று அவள் சொன்னாள். பாதி வார்த்தைதான் வெளியே கேட்டது. "என்னம்மா?" என்றார் வனவர். "வண்டிய ஓட்டினது நான். அவர் ஓட்டல." சொல்லிவிட்டாள். அடைக்கலராஜ்தான் முதலில் சிரித்தார், எப்படி அந்தச் சிரிப்பு அவருக்கு வந்தது என்று தெரியவில்லை. "மேடத்துக்கு மனசு கேக்கலைங்க சார். நீங்க என்னத் திட்டறீங்கன்னு சொல்றாங்க. ஹெச்செம்முங்க அவங்க, கவர்மெண்டு ஸ்கூல்ல." பெரியண்ணன் உடனே முன்னால் வந்தார், சாட்சி சொல்கிற உற்சாகம் அவருக்கு. "நான்தாங்க மொதல்ல வந்தது. இவருதாங்க ஸ்டேரிங்குல இருந்தாரு. அம்மா அந்தப் பக்கத்து சீட்டுல ஒடிஞ்சுபோய் உக்காந்திருந்தாங்க. என் கண்ணால பாத்தேன்." வனவரின் முகம் மாறியது. மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "டீச்சருங்களாம்மா? அதான். உங்களுக்கு எரக்க மனசு, புரியுது. ஆனா டிரைவரக் காப்பாத்தணும்னு நீங்க பொய் சொல்லக் கூடாதுங்கம்மா. நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவங்க" என்றார், குழந்தையிடம் சொல்கிற மாதிரி மென்மையாக. "இப்படி ஒரு மொதலாளியம்மா யாருக்குக் கெடைக்கும்" என்றாள் துண்டு போட்ட பெண். மங்கையர்க்கரசி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். இருக்கை எப்படி இருந்தது, எப்படி மாறினோம், ஆத்தூரில் எந்தக் கடையில் சாவியை வாங்கினேன், எல்லாம் சொல்லியிருக்கலாம், ஒரு போன் செய்து கடைக்காரரைக் கேட்டாலே தெரிந்துவிடும். வாய்க்குள் அந்த வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அதற்குள் உடம்பில் ஏதோ அவிழ்ந்துவிட்டது. தோள் இறங்கியது. விரல்கள் தளர்ந்தன. மூச்சு முழுசாக உள்ளே போனது. சொல்லியாகிவிட்டது, அவர்கள் நம்பவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும். அந்த நிம்மதி அவ்வளவு இனிப்பாக இருந்தது, அதனால்தான் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இரண்டாம் தடவை சொல்லப்போவதில்லை என்று. சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். பொய்யில் பிடிபட்ட நல்லவள் மாதிரி.

அதற்குப் பிறகு எல்லாம் மரியாதையாகவே நடந்தது. வனவர் அடைக்கலராஜின் லைசென்ஸைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், விசாரணைக்குக் கூப்பிடும்போது ஆபீஸுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வராமல் இருந்தால் வாரண்ட் வரும் என்றார். "டீச்சரம்மா கூட இருக்காங்க, அதனால வண்டிய இப்ப விடறேன்" என்றும் சொன்னார். மானை நான்கு பேர் தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள், தலை தொங்கி ஒரு தடவை கதவில் இடித்தது. அந்தப் பெண் துண்டை எடுத்து மண் போக உதறி, ரத்தக்கறை பட்ட பக்கத்தை உள்ளே மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நேரமாகிவிட்டது, பருத்திக்காட்டில் ஆள் காத்திருப்பார்கள். அடைக்கலராஜ் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முன்னால் ஏறவில்லை, பின்னால் ஏறினாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு அவர், திரும்பாமல், "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க? அவ்வளவு சொல்லியும்" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது, கோபமில்லை. "ஒரு நிமிஷம் எனக்கு உசுரே போயிருச்சு. நம்பியிருந்தாங்கன்னா அசிங்கமாப் போயிருக்கும்." உண்மையைச் சொன்னதற்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற நிலைமை. உண்மையைப் பாதியில் விட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, அவர் அதைத்தான் விரும்பினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியது ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. சோளத்தட்டைகள் அசையாமல் நின்றன.

அப்போது போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரோடு அது இணைந்திருந்ததால் கலியபெருமாளின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "எங்க இருக்க? இன்னேரம் வந்திருக்கணுமே." அணைத்துவிட்டுத் தனியாகப் பேசலாம் என்று கை போனது, அந்தப் பதற்றத்தில் எங்கே தொட வேண்டும் என்று தெரியவில்லை. "வந்துட்டே இருக்கோம். வழியில ஒரு மான் அடிபட்டுடுச்சுங்க" என்றாள். "ஐயையோ. உனக்கு ஒண்ணும் ஆகலையே?" "ஒண்ணும் ஆகல. முன்னாடி ஒரு லைட்டு போயிருச்சு." "அந்த ஆளு என்ன பண்ணினான்? தூங்கிட்டானா? நல்லாத் தெரியும் எனக்கு, ராத்திரி சவாரின்னாலே இவனுங்க ஏதாச்சும் இழுத்து வெப்பானுங்க. போன அவங்கிட்ட குடு." அடைக்கலராஜ் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். காதோரத்தில் ஒரு நரம்பு துடிப்பது பின்னாலிருந்து தெரிந்தது. இங்கே சீருடைக்காரர்கள் யாரும் இல்லை. சாட்சி சொல்லப் பெரியண்ணன் இல்லை. வழக்கு இல்லை, பேப்பர் இல்லை. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிற சொந்தக் கணவர், இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர், நான்தான் ஓட்டினேன் என்று சொன்னால் ஐந்து நிமிஷம் திட்டுவார், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பார். அவ்வளவுதான். இதைவிட லேசான இடம் வேறு எங்கே கிடைக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தூங்கல" என்றாள். "அவரு நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தாரு. அதுவா வந்து விழுந்துச்சு. அவர் மேல ஒரு தப்பும் இல்லைங்க." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நீ யாரத்தான் விட்டுக்கொடுத்திருக்க. சரி, பத்திரமா வந்து சேரு." குரல் அணைந்தது. பெரம்பலூர் வரும்வரை அவர் ஒன்றும் பேச மாட்டார் என்று நினைத்தாள், பேசக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். முன்னால் போன டிராக்டரைத் தாண்டியதும் அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார். "தூங்கலன்னு சொன்னீங்களே. அது போதும் எனக்கு."

"பரவாயில்ல அடைக்கலம்" என்றாள் அவள்.